துணிச் சிறகு தைத்தல்: முறையும் கணக்கும்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்திற்கு நாம் ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்த ஒரு நாள், நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் மகனையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தார். சேமிப்பு நிதியில் தம் கணக்கில் சேர்ந்துள்ள தொகையை எடுத்துக்கொள்ள வழி உண்டா என்பது அவருடைய கேள்வி. எதன் பொருட்டு என்று வினவினோம். மகன் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வில்போல் வளைந்த ஒரு துணிச் சிறகு. அதன்கீழ்க் கயிறுகளில் தொங்கும் ஒரு முழ உயரப் பொம்மை. பொம்மையின் முதுகில் மின்கலத்தால் சுழலும் ஒரு விசிறி. தரையில் நின்ற ஒருவர் கையடக்கமான பெட்டியிலிருந்து ரேடியோ அலையால் அதனை நடத்த, அது வயல்களுக்கு மேல் மெல்ல வட்டமிட்டது. பாராமோட்டார் எனப்படும் பறக்கும் கருவியின் சிறு மாதிரி அது.

“அதுவும் துணிதானே, ஐயா? நாமும் துணிதானே நெய்கிறோம்? அம்மாவிடம் தையல் இயந்திரம் இருக்கிறது. சிறகு தைத்து விற்றால் பிழைக்க முடியாதா?” என்றான் அவன். தறியை விட்டுத் திருப்பூருக்குச் செல்வதா, ஊரிலேயே ஒரு தொழில் பார்ப்பதா என்ற நிலையில் இருந்த பிள்ளை. தந்தையோ பல ஆண்டுகள் கூலியிலிருந்து பிடித்தம் செய்து சேர்ந்த பணத்தை எடுத்துத் தர முன்வந்துவிட்டார்.

அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டோம். நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் இப்பொருள் பற்றிப் படித்தும், தையல் அறிந்த அந்த அம்மையாருடன் அமர்ந்து இரு சிறகுகள் தைத்தும் பார்த்தோம். நாம் அறிந்தவற்றை அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும் வண்ணம் இங்கே எழுதுகிறோம்.

சட்டமில்லாத சிறகு

விமானத்தின் இறக்கைக்கு உள்ளே உலோகச் சட்டம் உண்டு. நம் பிள்ளைகள் விடும் பட்டத்திற்கு மூங்கில் ஈர்க்கு உண்டு. இத்துணிச் சிறகிற்கோ எவ்விதச் சட்டமும் இல்லை. மடித்தால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். இதனை முதன்முதல் செம்மையாக அமைத்தவர் டொமினா ஜால்பெர்ட் என்பவர். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இவர் பட்டங்களும் பலூன்களும் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இரண்டிற்கும் இடையே இறக்கையின் குறுக்குவெட்டு வடிவில் பல துணித் தடுப்புகள், முன்புறம் திறந்த வாய்: இவ்வமைப்பிற்கு அவர் 1964ஆம் ஆண்டு காப்புரிமை கோரி 1966இல் பெற்றார். பட்டம் செய்தவரின் கையிலிருந்து பிறந்த இச்சிறகு பின்னர்ப் பாராசூட்டுக்காரர்களிடம் சென்றது. 1978இல் பிரான்சு நாட்டின் மியூசி என்னும் மலையூரில் சிலர் அத்தகைய பாராசூட்டை விரித்து மலைச்சரிவிலிருந்து ஓடிப் பறந்தனர். பாராகிளைடிங் என்னும் விளையாட்டு அவ்வாறு பரவிற்று. முதுகில் விசிறியையும் இயந்திரத்தையும் கட்டிக்கொண்டபோது அது பாராமோட்டார் ஆயிற்று.

நம் நாட்டிற்கும் இத்தொழில் புதிதன்று. கான்பூரில் 1941ஆம் ஆண்டு முதல் பாராசூட்டு ஆலை ஒன்று இயங்கி வருகிறது. 2021 முதல் அது கிளைடர்ஸ் இந்தியா என்னும் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் உள்ளது. ஆக்ராவிலுள்ள இராணுவ ஆராய்ச்சிக்கூடம் பாராசூட்டுகளையும், திசை திருப்பத்தக்க துணிச் சிறகுகளையும் வடிவமைக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ககன்யான் சோதனையில், வீரர்கள் அமர்வதற்கென அமைந்த கலம் கடலில் இறங்கியதும் அவ்வாராய்ச்சிக்கூடம் உருவாக்கிய பாராசூட்டுகளின் துணையாலேயே. தமிழகத்தில் ஏலகிரி மலையில் பாராகிளைடரில் பறப்போரைக் கண்டவர் இருக்கலாம். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற பன்னாட்டுப் பட்டத் திருவிழாவில் மீனும் யானையும் போன்ற மாபெரும் பட்டங்களைப் பலர் கண்டிருப்பர். அத்தகைய பட்டங்களுக்கு ஈர்க்கு இல்லை. காற்று புகுந்து உப்புவதாலேயே உருவம் பெறுகின்றன. நாம் பேசும் சிறகும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

காற்றே சட்டமாதல்

சிறகின் முன்விளிம்பில் வாய்கள் உள்ளன, பின்விளிம்பு மூடப்பட்டிருக்கிறது. சிறகு முன்னே செல்லும்போது எதிர்க்காற்று வாய் வழியே புகுகிறது. வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி அழுத்துகிறது. அவ்வழுத்தமே சட்டத்தின் வேலையைச் செய்கிறது.

அவ்வழுத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். நம் மாதிரியின் மொத்த எடை 1.5 கிலோ; சிறகின் பரப்பு 1.2 சதுர மீட்டர். இவ்வெடையைத் தாங்க அது மணிக்குச் சுமார் 21 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். சைக்கிளை விரைந்து மிதிக்கும் வேகம் அது. அவ்வேகத்தில் சிறகினுள் தேங்கும் அழுத்தம், ஒரு தட்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்திற்கு நீர் ஊற்றினால் தட்டின் அடியில் உண்டாகும் அழுத்தத்திற்கு மட்டுமே சமம். இத்துணை மெல்லிய அழுத்தத்தைக் கொண்டுதான் இரண்டு மீட்டர் நீளமுள்ள சிறகு விறைத்து நிற்கிறது. ஆதலின் துணியின் கண்கள் வழியே காற்று கசியுமானால் சிறகு நில்லாது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் விதிகளுக்கெல்லாம் காரணம் விளங்கும்.

எந்தத் துணி?

நெசவாளருக்கு முதலில் எழும் ஐயம், நம் தறித் துணியால் தைக்கலாகாதா என்பது. எடையைப் பொறுத்தவரை தடையில்லை. 80ஆம் நம்பர் நூலில் அங்குலத்திற்கு 72 பாவும் 72 ஊடையும் வைத்து நெய்த துணி, கஞ்சி போக, சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம் இருக்கும் என்று கணக்கு வருகிறது. சிறகிற்கு வழங்கும் நைலான் துணியும் ஏறக்குறைய 40 கிராமே. தடை காற்றுக் கசிவில் உள்ளது. வேட்டித் துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு மறுபுறம் செல்கிறது. சிறகுத் துணியை வைத்து ஊதினால் கன்னம் உப்புகிறதேயன்றி மூச்சு செல்வதில்லை. துணி வாங்கும்போது செய்ய வேண்டிய முதற் சோதனையும் இதுவே.

நாம் ஏட்டறிவோடு நின்றுவிடாமல் 80ஆம் நம்பர் துணியில் ஒரு முழ நீளத்திற்குச் சிறிய மாதிரி ஒன்று தைத்துக் காற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். நனைந்த கோணிபோல் அது தொங்கிற்று. கெட்டிக் கஞ்சியில் முக்கி உலர்த்தினோம், ஒருமுறை உப்பிற்று, மடித்து விரித்தவுடன் கஞ்சி வெடித்துப் பழைய நிலைக்கு வந்தது. மெழுகு பூசலாம் எனின் எடை ஏறுகிறது. மேலும் பருத்தி ஈரத்தை உறிஞ்சும். காலைப் பனியிலேயே கனத்துவிடும்.

பட்டு எவ்வாறு என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாராசூட்டுகளுக்குப் பட்டு பெரிதும் வேண்டப்பட்டது. மைசூர்ப் பட்டும் அதற்கெனச் சென்றது. பின்னர் நைலான் அவ்விடத்தைப் பிடித்தது. எனினும் வட்டப் பாராசூட்டின் தேவை வேறு. சிறகின் தேவை வேறு. பாராசூட்டில் சிறிது காற்று கசிந்தால் நன்மையே. விரியும்போது அதிர்ச்சி குறையும், ஊசலாட்டமும் தணியும். சிறகில் அக்கசிவு ஆகாது.

சிறகுத் துணியை விற்போர் ‘ரிப்ஸ்டாப்’ என்பர். அதனை உற்றுப் பார்க்கும் நெசவாளர் உடனே இனம் கண்டுகொள்வர். அது ஒரு கட்டம் போட்ட துணியே. பாவிலும் ஊடையிலும் சில மில்லிமீட்டர்களுக்கு ஒருமுறை தடித்த இழையோ இரட்டை இழையோ ஓடுகிறது. துணி ஓரிடத்தில் கிழிந்தால் அக்கிழிசல் அடுத்த தடித்த இழை வரை சென்று அங்கே நின்றுவிடும். இந்நுட்பம் நம் தறிக்கு எட்டாததன்று. எட்டாதவை இரண்டு. ஒன்று இழையின் நேர்மை. 30 டெனியர் நைலான் இழையில் பெரும்பாலும் இத்துணி நெய்யப்படுகிறது. 9,000 மீட்டர் நூலின் எடை 30 கிராம் என்பது அதன் பொருள். 5,315ஐ டெனியரால் வகுத்தால் நம் நூல் நம்பர் வரும். அவ்வாறு பார்த்தால் அது ஏறக்குறைய 177ஆம் நம்பர் நூலுக்குச் சமம். நம் 100ஆம் நம்பர் நூல் 53 டெனியர் ஆகும். மற்றொன்று, நெய்த பின் நடக்கும் வேலை. சூடான உருளைகளுக்கிடையே அழுத்திக் கண்களை அடைத்து, பாலியூரித்தேனையோ சிலிக்கோனையோ மெல்லிய படலமாகப் பூசுகின்றனர். இவ்விரண்டும் பேராலைகளில் நடப்பவை. ஆகவே துணியை வாங்கித்தான் ஆகவேண்டும். சிறகில் நமக்குள்ள பங்கு தையலே.

அளவும் வடிவும்

நாம் தைத்த சிறகின் அளவுகள் இவை. நுனிக்கு நுனி 2 மீட்டர். நடுவில் முன்பின் அகலம் 70 சென்டிமீட்டர், நுனிகளில் 35 சென்டிமீட்டர். மொத்தம் 20 அறைகள். ஆகவே 21 விலாத் துண்டுகள். அறை ஒன்றின் அகலம் 10 சென்டிமீட்டர்.

விலாத் துண்டு என்பது மீனின் பக்கத்தோற்றம் போன்ற வடிவுடையது; முன்னே தடித்து, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மிகுந்த உயரம் பெற்று, வாலில் கூர்மையாகும். உயரம் அகலத்தில் 16 விழுக்காடு. நடு விலாவில் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வொரு விலாவிலும் இரண்டு மூன்று வட்டத் துளைகள் வேண்டும். அவற்றின் வழியே ஓர் அறையின் காற்று அடுத்த அறைக்குச் சென்று அழுத்தத்தைச் சமன் செய்யும். துளை விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டராவது உள்ளடங்கியிருக்க வேண்டும். கயிறு கட்டும் இடத்திற்கு மேலே துளை கூடாது. நடுவறைகளின் வாய் 4 சென்டிமீட்டர் உயரம் போதும். அது மூக்கின் நுனியில் சற்றுக் கீழ்நோக்கி அமைய வேண்டும். இரு நுனிகளிலும் இரண்டிரண்டு அறைகளுக்கு வாய் வேண்டா. அவை துளைகள் வழியே நிரம்பும்.

ஒன்று கவனிக்கத்தக்கது. தட்டையாக 10 சென்டிமீட்டர் இருக்கும் துணி, காற்று நிரம்பி ஒன்றரை சென்டிமீட்டர் உப்பினால், விலாவுக்கு விலா தூரம் 9.4 சென்டிமீட்டராகக் குறையும். இருபது அறைகளிலும் இவ்வாறு குறைந்து, 2 மீட்டர்ச் சிறகு 1.88 மீட்டராகும். கயிறுகளின் நீளத்தைக் கணக்கிடும்போது தட்டையான அளவை அன்றி உப்பிய அளவையே கொள்ள வேண்டும்.

வெட்டும் முறை

முதலில் செய்தித்தாளில் வரைந்து, சரிபார்த்து, பின் தடித்த அட்டையில் அச்சு வெட்டிக்கொள்க. தையலுக்கு எல்லாப் பக்கமும் 1 சென்டிமீட்டர் விடுக. 10 சென்டிமீட்டர் அறைக்குத் துண்டின் அகலம் 12 ஆகும். ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் 3 மீட்டர் நீளம் வாங்கினால் போதும்.

கத்தரியால் வெட்டினால் நைலான் விளிம்பு பிரிந்துவிடும். ரேடியோ பழுது பார்ப்போர் பயன்படுத்தும் சூட்டுக்கோலால் வெட்டினால் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும். அடியில் மரப்பலகை வைத்தால் கருகும். நம் விருத்தாசலத்துப் பீங்கான் ஓடு ஒன்றைக் கீழே வைத்துக்கொண்டோம். சூடும் தாங்கியது, கோலும் வழுக்கிச் சென்றது. காற்றோட்டமுள்ள இடத்தில் இவ்வேலையைச் செய்ய வேண்டும். உருகும் நைலானின் புகை நல்லதன்று.

இனி மிக முதன்மையான விதி. எல்லாத் துண்டுகளிலும் பாவு முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி ஓட வேண்டும். விலாவிலும் அவ்வாறே, அப்போது கயிறு கட்டும் இடத்திலிருந்து நேர் மேலே ஊடை செல்லும், இழுவையை அது தாங்கும். மூலைவாக்கில் ஒரு துண்டும் வெட்டலாகாது. மூலைவாக்கில் இழுத்தால் துணி எவ்வளவு நெகிழும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் இவ்விதியை மீறியவர் நாமே. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தைக்கும் வரிசை

சாதாரணத் தையல் இயந்திரமே போதும். ஊசி மெல்லியதாக, 9 அல்லது 11ஆம் எண்ணுடையதாக இருக்க வேண்டும். நூல் பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் ஆகாது. ஒரு தையல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று எண்ணுவது இங்கே தவறு. நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம்போல் துணியைக் கிழிக்கும். குண்டூசி குத்தலாகாது, துணி உலர்த்தும் சிறு கவ்விகளால் பிடித்துக்கொள்ளலாம். இத்துணி பாம்புபோல் வழுக்கும். கழிவுத் துண்டில் ஒரு நாள் முழுவதும் பழகிய பின்னரே நல்ல துணியைத் தொடுதல் வேண்டும்.

வரிசை இது. முதலாவது, கயிறு கட்டும் காதுகளை விலாக்களில் தைத்துவிட வேண்டும். 5 மில்லிமீட்டர் அகல நாடாவை மடித்து, முன்விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு, பத்தில் நான்கு பங்கு, பத்தில் ஏழு பங்கு ஆகிய மூன்று இடங்களில் வைக்கலாம். ஒன்றுவிட்டு ஒரு விலாவிற்கு வைத்தால் 11 விலாக்களில் 33 காதுகள். இரண்டாவது, வாயின் விளிம்புகளை மடித்துத் தைக்க வேண்டும். மூன்றாவது, மேல்துணி. ஒரு மேல்துண்டு, அடுத்த மேல்துண்டு, இரண்டோடும் ஒரு விலா என மூன்றையும் விளிம்பொத்து வைத்து ஒரே தையலாக இணைக்க வேண்டும். நடு விலாவில் தொடங்கி இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்வதே சரி. ஓரத்தில் தொடங்கினால் சிறு பிழைகள் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடும். நான்காவது, கீழ்த்துணியை அதே முறையில் விலாக்களின் கீழ்விளிம்போடு இணைக்க வேண்டும். ஐந்தாவது, பின்விளிம்பு. இதனைக் கடைசியாகத்தான் மூட வேண்டும். முன்னரே மூடினால் உள்ளே கை செல்லாது.

ஒவ்வொரு விலாவிற்கும் மேலும் கீழும் இரு தையல்கள். வாய், பின்விளிம்பு சேர்த்துச் சுமார் 31 மீட்டர் தையல் வருகிறது. ஏறக்குறைய 10,000 தையற்புள்ளிகள். சிறகின் எடையோ கயிறுகளோடு 200 கிராமை எட்டாது.

கயிறுகள்

தாங்கு கயிறுகளுக்கு நைலான் கயிறு உதவாது, அது நீளும். பின்னிய பாலியெத்திலீன் தூண்டில் கயிறு ஏற்றது. கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன்பிடிப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பெறலாம். வெட்டுவதற்கு முன் 2 கிலோ எடையை ஓர் இரவு தொங்கவிட்டு நீட்டிக்கொள்ள வேண்டும். சிறகிலிருந்து பொம்மையின் தோள் வரை சுமார் 1.3 மீட்டர். ஒரு பலகையில் ஆணிகள் அடித்து, அவற்றிற்கிடையே வைத்து அளந்து முடிச்சிடுக. இடக்கயிறும் வலக்கயிறும் இணையிணையாகவே செய்யப்பட வேண்டும். இணைகளுக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருத்தல் கூடாது.

முன்வரிசைக் கயிறுகள் மிகக் குறுகினால் சிறகின் மூக்கு தாழ்ந்து, வாய் மூடி, சிறகு மடியும். பின்வரிசை குறுகினால் மூக்கு தூக்கிக்கொண்டு, வேகம் குன்றி, சிறகு பின்னே சாயும். பின்விளிம்பில் இருபுறமும் ஐந்தைந்து இடங்களிலிருந்து வரும் கடிவாளக் கயிறுகள் ஒன்றாகி, ‘சர்வோ’ எனப்படும் சிறு மின்கருவியின் கையில் சேரும். இடக்கயிற்றை இழுத்தால் இடப்புறப் பின்விளிம்பு தாழ்ந்து, அப்பக்கம் வேகம் குறைந்து, சிறகு இடப்பக்கம் திரும்பும். அக்கயிறு உராயும் இடத்தில் தூண்டில் கோலில் உள்ளது போன்ற பீங்கான் வளையம் ஒன்று வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

நாம் செய்த தவறு

முதற் சிறகிற்குத் துணி வாங்கியபோது அரை மீட்டர் மிச்சம் பிடிக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று. வலப்பக்கத்து விலாக்கள் சிலவற்றைக் கழிவுத் துண்டுகளில் மூலைவாக்கில் வெட்டச் சொன்னோம். அம்மையார் தயங்கினார். “இழுத்துப் பாருங்கள் ஐயா, இது கொடுக்குமே” என்றார். விலாத் துண்டு உள்ளேதானே இருக்கிறது என்று நாம் கூறிவிட்டோம். அவரும் மேலே பேசவில்லை.

38 மணி நேரத் தையலுக்குப் பின், அறுவடையான ஒரு வயலில் சிறகை ஏற்றினோம். பார்வைக்குக் குறையில்லை. பறக்கத் தொடங்கியதும் வலப்பக்கமே திரும்பிற்று. இடக்கடிவாளத்தை முழுதும் இழுத்தும் நேர்ப்படவில்லை. வலப்பக்க விலாக்கள் இழுவையில் நெகிழ்ந்து, அப்பக்கத்தின் வடிவமே மாறிவிட்டிருந்தது. சுழன்று சுழன்று அடுத்த வயலின் மல்லாட்டைச் செடிகளுக்குள் விழுந்தது. விசிறி சுழன்றவாறே விழுந்தமையால் ஒரு பாத்திச் செடிகள் சிதைந்தன. விசிறியின் அலகும் முறிந்தது. வயலுக்குரியவருக்கு இழப்பைக் கொடுத்தோம். அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, “அந்த இடத்தில் என் பேரன் நின்றிருந்தால்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

அரை மீட்டர்த் துணிக்காக முழுச்சிறகும் வீணாயிற்று. மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கமே. ஆனால் தொழில் அறிந்தவர் கை தயங்கும் இடத்தில் கணக்கர் அவசரப்படலாகாது என்பதை அன்று கற்றோம். இரண்டாம் சிறகின் வெட்டு முழுவதையும் அம்மையாரின் பொறுப்பில் விட்டோம். 26 மணி நேரத்தில் முடிந்தது. இம்முறை விசிறி பூட்டுமுன் மென்காற்றில் பட்டம்போல் பிடித்து, இருபக்கமும் ஒத்து நிற்கிறதா என்று மூன்று மாலைகள் பார்த்தோம். அது நேராகப் பறந்தது.

காக்க வேண்டிய வரம்புகள்

1. இது பொம்மையைத் தூக்கும் சிறகு. ஆளைத் தூக்கும் சிறகின் பரப்பு 20 முதல் 30 சதுர மீட்டர் வரை இருக்கும். அதில் சதுர மீட்டருக்கு விழும் பாரம் நம் மாதிரியைப்போல் மூன்று நான்கு மடங்கு. இவ்வளவுகளைப் பெருக்கிப் பெரிதாகத் தைத்து ஆள் ஏறுவது உயிருக்கு உலை வைப்பதாகும். ஒருவரும் முயலலாகாது.

2. சுழலும் விசிறி விரலை அறுக்கும். சுற்றிலும் காப்பு வளையம் வேண்டும். சிறுவர்களும் கால்நடைகளும் இல்லாத வெளியில் மட்டுமே பறக்கவிடலாம். மின்கம்பி செல்லும் வயலைத் தவிர்க்க.

3. ஆளில்லாத பறக்கும் கருவிகளுக்கு 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொருந்தும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை ‘மைக்ரோ’ வகை. வணிக நோக்கமின்றி அவற்றை இயக்க உரிமம் தேவையில்லை. எனினும் நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன்னனுமதி வேண்டா. ஏனைய இரண்டிலும் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. நம் பக்கத்தில் நெய்வேலியில் விமானதளமும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. ஆதலின் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்த்து, பதிவு முதலியவற்றிற்கு அன்றுள்ள விதியை அறிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

சேமிப்பை எடுக்கலாமா?

இனி அங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். இரண்டாம் சிறகிற்குத் துணி, நூல், கயிறு ஆகியவற்றிற்கு நமக்கு ரூ. 2,900 ஆயிற்று. எட்டு மணி நேரத்திற்கு ரூ. 500 தையற்கூலி என்று கொண்டால் 26 மணி நேரத்திற்கு ரூ. 1,625. கூட்டினால் ரூ. 4,525. பத்தில் ஒரு பங்கு சேதாரம் சேர்த்தால் ரூ. 5,000ஐ ஒட்டி வருகிறது. இதற்குமேல் விற்றால்தான் இலாபம். வாங்குவோர் யார்? பெருநகரங்களிலுள்ள சில ஆர்வலர். அவர்கள் பெயர் பெற்ற அயல்நாட்டுச் சிறகுகளையே முதலில் நாடுவர். மாதத்திற்கு எத்தனை விலைபோகும் என்று உறுதி கூற ஒருவருமில்லை. உறுதியில்லாத சந்தையை நம்பி முதுமைக்கென ஒதுக்கிய பணத்தை எடுப்பது தகாது. இதனை அந்தத் தந்தையிடம் தயக்கமின்றிக் கூறினோம்.

மகனின் முகம் வாடிற்று. ஆனால் அவன் கேள்வியில் பாதி சரியானது என்பதையும் கூறினோம். வழுக்கும் நைலானில் மூன்று துணியை ஒத்து வைத்து நேராகத் தைக்கும் கை எளிதில் வாய்ப்பதன்று. பட்டங்கள், மழையுறைகள், பயணப் பைகள், கூடாரங்கள் ஆகியவற்றிற்கு அதே துணியும் அதே தையலும் வேண்டும். அவற்றை வாங்குவோர் மிகுதி. நால்வர் ஐவர் சேர்ந்து துணியைச் சுருளாக வாங்கினால் விலையும் குறையும். தொடக்கத்திற்குச் சேமிப்பைத் தொட வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு மாத ஓய்வுநேர உழைப்பும் சிறு தொகையும் போதும். சிறகுகளை ஆணை வந்தால் மட்டும், முன்பணம் பெற்றுத் தைக்கலாம்.

அவ்வாறே இப்பொழுது அவ்வூரில் தையல் அறிந்த நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுருள் துணி வாங்கி, முதலில் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களுக்கு மழையுறை தைக்கத் தொடங்கியுள்ளன. மகன் வெட்டுகிறான், தாயார் தைக்கிறார். வரவு செலவு ஏட்டை அவனே எழுதுகிறான். அடுத்த ஆய்வின்போது பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம். தந்தையின் சேமிப்பு நிதியில் இருந்தது இருந்தபடியே உள்ளது.

இரண்டாம் சிறகின் அட்டை அச்சுகளும், முதற் சிறகிலிருந்து பிரித்தெடுத்த நெகிழ்ந்த விலாக்களும் நம்மிடம் உள்ளன. காண விரும்பும் அங்கத்தினர் நாம் ஆய்வுக்கு வரும் நாளில் சங்கத்தில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தைக்க எண்ணுவோர் முதலில் பழுதான விலாக்களை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னர் அச்சுகளை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.